முருகன் எடுத்துக்கொண்ட சங்கிலி

“திருடனைப் பத்திப் படிக்க ஒரு காலேஜு, அதுக்கு ரெண்டு வருஷம்!” என்று சிரித்தாள் அம்சா. “எங்க அரக்கோணம் பிளாட்பாரத்துல பத்து நிமிஷம் நின்னா சும்மாவே கத்துக்குடுத்துட்டுப் போவானுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகன் விஜயனும் சிரித்தான். அம்மா சிரித்தால் தானும் சிரிப்பதை அவன் ஒரு வேலையாகவே வைத்திருந்தான். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை ரயில்வேயில்.

அனுராதா காபி டம்ளர்களை வைத்துவிட்டு அப்பா கஜபதியின் அருகில் நின்றாள். குற்றவியலும் குற்ற நீதியும் படிக்கும் எம்.ஏ. மாணவி அவள். தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வந்து கடைசி செமஸ்டர் வரை வந்துவிட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அம்சா அத்தையோ தன் மகனுக்கும் அவளுக்கும் கல்யாணத் தேதி குறிக்க வந்திருந்தாள். கையோடு ஒரு நிபந்தனையும் கொண்டு வந்திருந்தாள்.

“வைகாசியில முகூர்த்தம் வெச்சுக்கலாம்ண்ணா. ஆனா காலேஜு இன்னியோட நின்னுடணும். பையை மாட்டிகினு ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் போறவளைப் பாத்து, உம் மருமவ எந்தக் கேசுல மாட்டுனான்னு சொந்தக்காரங்க கேக்க மாட்டாங்களா?”

வேர்க்கடலை விலைக்காக வியாபாரியிடம் அரை நாள் மல்லுக்கு நிற்கும் கஜபதி, தங்கையின் முன்னால் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அனுராதா விஜயனைப் பார்த்தாள். ‘அம்மாகிட்ட நான் பேசிக்கறேன் அனு, நீ படிச்சு முடி’ என்று நான்கு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் அத்தனை பிரியம். அந்தக் குரலுக்காக அவள் எத்தனையோ நாள் ஸ்டேஷனில் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறியிருக்கிறாள். இப்போது அவன் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய ஆய்வு, திருத்தணி மலைக்கோயிலின் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நகையைப் பறிகொடுத்தும் போலீசுக்குப் போகாதவர்களைப் பற்றியது. முப்பது பேரிடம் பேச வேண்டும். இருபத்தொன்பது பேரிடம் பேசியாகிவிட்டது. ஏன் புகார் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “முருகன் எடுத்துக்கினாரு.” மலையில் நகை போனால் அது திருட்டில்லை, சாமி விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது. அழுதால் பாவம், புகார் கொடுத்தால் பெரும் பாவம். இப்படி ஒரு ஊர் கிடைத்தால் எந்தத் திருடன் வேறு ஊர் தேடிப் போவான்?

“அத்தை, போன ஆடியில உங்க சங்கிலி போச்சே, கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?”

“யாரு மேல? சாமி மேலயா?” அம்சா கைகொட்டினாள். “சங்கிலிய எடுத்துகினு முந்தானையில ஒரு கல்லைக் குடுத்தாருடி. பூஜை ரூம்ல வெச்சிருக்கேன். தெருவே வந்து கும்பிட்டுட்டுப் போவுது.”

“எனக்கு ஒரு ஆள் குறையுது. நான் கேக்கற கேள்விக்குப் பதில் சொல்றீங்களா?”

“கேளு, கேளு. உம் படிப்பு இன்னா கிழிக்குதுன்னு பாக்கலாம்.”

அனுராதா படிவத்தை எடுத்தாள். எந்த இடம், என்ன நேரம், யார் பக்கத்தில் என்று வரிசையாகக் கேட்டாள். படிக்கட்டில் காவடிகள் நெருக்கிய இடம், காலை பத்து மணி என்றெல்லாம் அம்சா ராகம் போட்டுச் சொன்னாள்.

“சங்கிலி கழுத்துல இருந்துச்சா, முந்தானையிலயா?”

“முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன்.”

“ஏன் கழட்டினீங்க?”

அம்சாவின் ராகம் நின்றது. “கொக்கி கழண்டுகினு இருந்துச்சு.”

“அதைப் பாத்துச் சொன்னது இடுப்புல குழந்தையோட ஒரு பொம்பளை. ‘கொக்கி வாயைத் திறந்துகினு இருக்குதும்மா, முந்தானையில முடிஞ்சுக்கோ’ன்னு சொன்னா. அதான அத்தை?”

“உனக்கு யாரு சொன்னது?”

“உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு.”

பதினோரு பூஜை அறைகளில் அந்தப் பெண் ரோட்டோரம் பொறுக்கி, சங்கிலிக்குப் பதிலாக வைத்த ஜல்லிக் கல் பொட்டு வைத்துக்கொண்டு, கிருத்திகைக்குக் கிருத்திகை பால் குடித்துக்கொண்டிருந்தது. அரக்கோணத்துக் கல் பன்னிரண்டாவது.

அம்சாவின் முகம் சிவந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “முருகன்தான் அந்தப் பொம்பளை ரூபத்துல வந்தாரு.”

“குழந்தையோடயா?”

“ஆங். அதுவும் அவரு லீலைதான்.”

அப்போதுதான் விஜயன் வாயைத் திறந்தான். “அனு, இதை எழுதாத. அம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. அந்தப் பொம்பளை முடிச்சு போட்டது வெளிய தெரிஞ்சா அசிங்கம்.”

அவன் சொன்னதில் ஏதோ இடித்தது. “முடிச்சு போட்டது அவதான்னு நான் சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரியும் பாவா?”

“நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன். அவ கை போன விதமே சரியில்ல. ஆனா வீட்டுக்கு வந்ததும் சாமி எடுத்துக்குச்சுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் இன்னா சொல்றது?”

கண்ணெதிரே தாயின் சங்கிலி போனபோதே பேசாதவன், ஒரு பெண்ணின் படிப்பு போகும்போதா பேசப் போகிறான்? நான்கு மாதம் அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று அனுராதாவுக்கே வெட்கமாக இருந்தது.

“கையெழுத்து போடறீங்களா அத்தை? உங்க பேரு வராது.”

“போட மாட்டேன். போடி!”

கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது துறையின் விதி. அனுராதா தாளை நான்காகக் கிழித்தாள். விஜயன் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இதுக்கு மட்டும் மூச்சு வருது பாவா உங்களுக்கு.” பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “நைனா, தேதி குறிக்க வேணாம். இவரு பக்கத்துல நின்னாலும் நான் தனியாத்தான் நிப்பேன்.”

“இன்னாண்ணா, பொண்ணு பேசுது, நீ பாத்துகினு இருக்க?” என்று எழுந்தாள் அம்சா.

கஜபதி டம்ளரைக் கீழே வைத்தார். விஜயனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார், சொத்தைக் கடலையைப் பார்ப்பதுபோல.

“நாலு இருவதுக்கு வண்டி இருக்குதும்மா. இப்பக் கெளம்புனா புடிச்சிடலாம்.”

ஆட்டோவில் ஏறும் வரைக்கும் அம்சா படிப்பையும் படித்தவளையும் படிக்க வைத்தவனையும் திட்டினாள். விஜயன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள் அனுராதாவின் அம்மா சந்திரா. காலையிலிருந்து சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள்.

“இன்னொரு ஃபாரம் இருக்குதா அனு?”

“எதுக்கும்மா?”

“மூணு வருஷம் முன்னாடி கிருத்திகைக் கூட்டத்துல கம்மல் ஒண்ணு போச்சு.”

கஜபதி நிமிர்ந்தார். “உண்டியல்ல போட்டேன்னு சொன்ன?”

“சொன்னேன். தொலைச்சிட்டேன்னு சொன்னா நீங்க கத்துவீங்கன்னு சொன்னேன்.” சந்திரா மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். “எங்க கையெழுத்து போடணும்?”