எப்பவும்போல இருங்க

நான்கு முறை கழித்துப் பார்த்துவிட்டாள். நான்கு முறையும் மிச்சம் வரவில்லை; துண்டுதான் விழுந்தது.

நூறு கிலோ துணியை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அடுக்க, முதலில் அளந்தபோது அறுபது யூனிட் மின்சாரம் செலவானது. அவள் ஓட்டைக் காற்றுக்குழாய்களை மாற்றிக் கசிவையெல்லாம் அடைத்தாள். டிரையர் வடிகட்டிகளில் கம்பளிபோல் திரண்டிருந்த பஞ்சை எடுக்க வைத்தாள். ஓயாமல் இரைந்துகொண்டிருந்த கம்ப்ரசரின் அழுத்தத்தைக் குறைத்தாள். இத்தனைக்கும் பிறகு அளந்தால் அறுபத்திரண்டு. வைத்தியம் பார்த்தபின் காய்ச்சல் ஏறியதுபோல.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் அந்த ஆலைக்கு அவள் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மின்சிக்கனத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களைச் சம்பளம் கொடுத்துப் பழக்கும் பத்து மாத ஃபெல்லோஷிப். ஆறு பேரை எடுத்து ஆளுக்கோர் இடத்தில் விட்டிருந்தார்கள். அளக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், மறுபடி அளந்து மிச்சத்தைக் காட்ட வேண்டும். காட்டுகிறவர்களில் இரண்டு பேருக்கு நிரந்தர வேலை. அந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான், காப்பீட்டு அலுவலகத்தில் ஆறு வருடம் தேய்த்த நாற்காலியை உதறிவிட்டு அவள் வந்திருந்தாள். அறிக்கை கொடுக்க இன்னும் மூன்று வாரம்.

அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். ஃபெல்லோஷிப் கிடைத்த அன்றே அத்தான் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிட்டார்.

"அது என்ன, வேலையா, படிப்பா?"

"ரெண்டும்தான் அத்தான்."

"ரெண்டுங்கெட்டான்னு சொல்லு."

அக்கா கரண்டியால் தட்டில் ஓங்கித் தட்டினாள். "சும்மா இருக்க மாட்டீங்களா? அவ சம்பளத்தோட படிக்கிறா. நீங்க சம்பளத்தோட தூங்குறீங்க."

அத்தான் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. ஒன்பது மாதமாக, காலையில் செருப்பு மாட்டும்போதெல்லாம் அது முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஆறு பேரையும் மேய்க்கும் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர்தான், எதற்கும் அவசரப்படுகிறவர்.

"மீட்டரை மாத்தி மாட்டியிருப்பீங்க."

"இல்ல சார். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"அப்ப மூணாவது தடவை பாருங்க."

மூன்றாவது தடவையும் பார்த்தாள். மீட்டர் பொய் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது, மாடியில் தனக்கென்று கொடுத்திருந்த சன்னலில்லாத ஏசி அறையைவிட்டு இறங்கிக் கீழே வந்தாள். கதவைத் திறந்ததும் ஈரச்சூடு முகத்தில் அப்பியது. இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் விரிப்பு மடிக்கும் அக்கா, மூட்டையில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் மூன்று மின்விசிறிகள். துணியில்லாத டிரையர் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன கரண்ட் மேடம், முகம் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஃபேன் எல்லாம் எப்பவும் ஓடுமா?"

"ஓடாம? இந்த உருளைகிட்ட பத்து நிமிஷம் நின்னு பாரு, வெந்துடுவே. நீ முதல்ல அளந்தியே ரெண்டு வாரம், அப்பதான் செத்துப் பொழச்சோம். இப்ப நீ நம்ம ஆளாயிட்டே, பயமில்ல."

"ஏன், அப்ப என்ன?"

"என்னவா! உனக்காகத்தான் எல்லாம். அளக்க ஆள் வருது, ஒரு சுவிட்சு வீணா எரியக் கூடாதுன்னுட்டாரு ஃபோர்மேன். ஃபேன் கிடையாது. சோறு திங்குற நேரத்துல எல்லா மெஷினும் ஆஃப். டிரையர் வழிய வழிய ரொம்பினாத்தான் ஓட்டணும். பட்டன் தைக்கிறாளே, அவ மயங்கியே விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு, உன் கண்ணுல படக் கூடாதுன்னு மூட்டைக்குப் பின்னாடி உக்கார வச்சோம்." சொல்லி முடித்தபோது அக்காவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. "எப்படி? ஒரு குறை கண்டுபிடிச்சியா நீ?"

அவள் வெகுநேரம் அந்த வெற்று டிரையரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபது என்பது இவர்களுடைய வேர்வை. அதிலிருந்துதான் அவள் நான்கு முறை கழித்துப் பார்த்திருக்கிறாள்.

ஃபோர்மேன் பின்வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"எப்பவும்போல இருங்கன்னுதானே அண்ணே நான் சொன்னேன்?"

"வர்ற ஆய்வாளர் எல்லாரும் அதைத்தான் மேடம் சொல்வாங்க. அதை நம்பி எப்பவும்போல இருந்தவன் எவன் தப்பிச்சிருக்கான்?"

"நான் ஆய்வாளர் இல்லயே."

"கழுத்துல அட்டை தொங்குது. கையில மீட்டர் இருக்கு. மேல ஏசி ரூம் வேற குடுத்திருக்காங்க." அவர் மாடிப்படியைக் கை காட்டினார். "அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் மத்தியானம் கீழ வந்து நின்னிருந்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

தவறு எங்கே என்று தேடி வந்தவளுக்கு அது மாடிப்படியில், தன் காலடியிலேயே கிடந்தது தெரிந்தது. எண்கள் மடிக்கணினிக்குத் தானாக வந்து சேர்ந்தன; வந்தவற்றை நம்பிவிட்டாள். குளிரில் உட்கார்ந்து மற்றவர்களின் சூட்டை அளந்திருக்கிறாள்.

ஒருங்கிணைப்பாளர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வழி சொன்னார். "பழைய கரண்ட் பில்லை எடுத்துக்குங்களேன்."

"பக்கத்து ஐஸ் கம்பெனிக்கும் இவங்களுக்கும் ஒரே பில்லு சார். பிரிக்க முடியாது."

"சரி, விடுங்க. இந்த மாதிரி ஆலைக்குப் பொதுவா நூறு கிலோவுக்கு எழுபது ஆகும். முன்னாடி எழுபதுன்னு போடுங்க, இப்ப அறுபத்திரண்டு. பதினோரு சதவீதம் மிச்சம். அழகா இருக்கு."

"ஆனா இங்க எழுபது ஆச்சான்னு எனக்குத் தெரியாதே சார்."

"யாருக்குத் தெரியும்? நல்லா யோசிங்க. வேலை ரெண்டே ரெண்டுதான்."

யோசித்தாள். பேருந்தில் யோசித்தாள், குளிக்கும்போது யோசித்தாள். எழுபது என்று எழுதினால் எந்தக் கையும் வந்து பிடிக்கப்போவதில்லை. அதுதான் அவளை வதைத்தது. பிடிக்க ஆளிருந்தால் பயந்தாவது நேர்மையாக இருந்துவிடலாம்.

கடைசியில் ஃபோர்மேனிடம் போய் நின்றாள். கழற்றிப் போட்ட ஓட்டைக்குழாய்களையே ஒரு வாரம் திரும்ப மாட்டி, கம்ப்ரசரையும் வடிகட்டியையும் பழையபடி விட்டு, மறுபடி அளக்கலாமா?

"அடைச்ச ஓட்டையைத் திறக்கச் சொல்ற ஆளை இப்பதான் மேடம் பாக்கிறேன்," என்றார் அவர். ஆனாலும் ஒப்புக்கொண்டார். இம்முறை எல்லோரையும் உருளைப் பக்கம் கூட்டி, நடுவில் நின்று சொன்னாள்.

"முன்னாடி நீங்க சிக்கனமா இருந்ததுல என் கணக்கு கெட்டுப் போச்சு. இந்த அளவு சரியா வந்தாத்தான் எனக்கு வேலை. தயவுசெஞ்சு எப்பவும்போல இருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதைப் பார்த்து மனம் லேசானது. முதல் இரண்டு நாளும் தலைமை அலுவலகத்தில் கட்டாயப் பயிற்சி. இரண்டாம் நாள் உணவு இடைவேளையில்தான் மடிக்கணினியைத் திறந்தாள். வரைபடத்தின் கோடு கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. நூறு கிலோவுக்கு நூற்று நான்கு யூனிட்.

ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். ஆலை கல்யாண வீடுபோல் எரிந்துகொண்டிருந்தது. பகலில் எல்லா விளக்கும். பூட்டிக் கிடந்த கிடங்கில்கூட மின்விசிறி. ஐந்து டிரையர்களும் உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் முழுச்சூட்டில் சுற்றின. மடிக்கும் அக்கா வேர்த்து வழிந்தபடி ஓடி வந்தாள்.

"போதுமா, இன்னொண்ணு போடட்டுமா?"

"என்னக்கா பண்ணியிருக்கீங்க?"

"நீதானே சொன்னே, வேலை போயிடும்னு? நாங்க விட்டுடுவோமா? ஐஸ் கம்பெனில ஒரு பெரிய ஹீட்டர் இருக்காம், ஃபோர்மேன் இரவல் கேக்கப் போயிருக்காரு."

ஓடிக்கொண்டிருந்த டிரையர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். "எப்பவும்போல" என்று இவர்களிடம் எத்தனை முறை கேட்டாலும் ஒரு பரிசுதான் வரும் என்று புரிந்தது. ஒருமுறை சிக்கனம், ஒருமுறை தாராளம். அவளுக்கு வேண்டிய சாதாரண நாளை மட்டும் இவர்களால் தர முடியாது. மீட்டரைக் கண்டதும் அது ஓடிப்போய்விடுகிறது.

மறுநாள் விடிந்தால் ஆர்டர் நெருக்கடி. முதலாளி பழைய குழாய்களை உடனே கழற்றச் சொல்லிவிட்டார். இன்னொரு வாரம் கேட்டதற்கு, "இது சலவை ஆலைம்மா, சோதனைச்சாலை இல்ல," என்றார்.

அறிக்கையில் 'மிச்சம்' என்ற கட்டம் ஒன்றுதான். அவளிடம் எண்கள் மூன்று: நூற்று நான்கிலிருந்து கழித்தால் நாற்பது சதவீதம், எழுபதிலிருந்து பதினொன்று, அறுபதிலிருந்து மைனஸ் மூன்று. மூன்றும் பொய். கடைசியில் 'தெரியாது' என்று எழுதினாள். ஏன் தெரியாது என்று கீழே நான்கு பக்கம் எழுதினாள். மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றியும் எழுதினாள்.

பத்து நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "நாலு பக்கத்தையும் எல்லாரும் படிச்சாங்க. பாராட்டினாங்க. ஆனா பட்டியல்ல மிச்சம் காட்டினவங்கதான் இருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "எழுபதுன்னு போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம் சார்," என்றாள். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது அந்த நிமிடம்.

கடைசி நாள் மீட்டரைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சா?" என்றாள் மடிக்கும் அக்கா. உருளைப் பக்கம் இருந்த எல்லா முகங்களும் திரும்பின. ஃபோர்மேன்கூட நின்றுவிட்டார்.

"இல்லக்கா."

கம்ப்ரசர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நாங்க சரியா பண்ணலயா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"நீங்க நல்லாத்தான் பண்ணீங்க. நான்தான் கீழ வரல."

"மீட்டரைக் கழட்டிட்டியா?"

"ம்."

"அப்ப உக்காரு. இப்பவாவது நிம்மதியா உக்காரு." அக்கா காலால் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டாள். கையை நீட்டி ஒரு மின்விசிறியைப் போட்டாள், ஒன்றே ஒன்று. ஒருத்தி பாதி நிறைந்த டிரையரைப் பார்த்து, சற்று யோசித்து, ஓடவிட்டாள். இன்னொருத்தி தன் டிரையரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதம் தேடிய நாள் அவள் கண்ணெதிரே, அவளைச் சட்டை செய்யாமல் நடந்துகொண்டிருந்தது. மீட்டர் இருந்த பையைத் திறக்கக் கை போயிற்று. பாதியிலேயே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.