காட்டுக் கதவுக்கு முன்னால் ஓர் அடுப்பு

பாதையை மறித்துத் தொங்கிய பெரணி மட்டையை வெட்டுக்கத்தியின் முதுகால் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் வந்த விடுதி விருந்தினர்களை ஆன்செல்மா ஒவ்வொருவராகக் கடந்துபோக விட்டாள். விடியும்வரை பெய்த மழை நின்றும், இலைகளிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. எங்கோ மேலே ஒரு மலைக்குருவி, துருப்பிடித்த கீலைப் போல நீளமாகக் கீச்சிட்டது.

"வேரு மேல கால வெக்காதீங்க மேடம், வழுக்கும். ரெண்டு வேருக்கு நடுவுல வைங்க" என்றாள்.

அந்தப் பாதை எங்கள் பெல் ரிவ் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைந்து அருவி வரை போகிறது. செங்குத்தான இடங்களில் மரப்பெரணித் தண்டுகளைக் குறுக்கே பதித்துப் படி அமைத்திருக்கிறார்கள். அருவிக்கு மேல், சரிவில், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் வாழை, கிழங்குத் தோட்டங்கள். டொமினிக்காவில் சமதரை கிடைப்பது அபூர்வம், சரிவில்தான் பிழைப்பு.

"அழகான படிகள்! யார் போட்டது?" என்று கேட்டாள் ஒரு விருந்தாளி.

"விடுதிதான் போட்டதுங்க."

வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தபோது விடுதி சொல்லிக்கொடுத்த பதில் அது. ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. தலையில் வாழைத்தாரோடு மேலிருந்து இறங்கி வந்த டிட்டஸ், விருந்தினர்களுக்கு வழிவிட்டு ஓரச் சேற்றில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் அப்படி ஒதுங்க வேண்டும் என்பது விடுதியின் சட்டம்.

"அப்படியா ஆன்செல்மா?" என்றார் டிட்டஸ், எங்கள் கிரியோல் மொழியில். "எனக்குத் தெரியாமப் போச்சே! இந்தத் தண்டெல்லாம் தூக்கித் தோள் உரிஞ்சது நான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். கனாக் கண்டிருப்பேன் போல."

அவர் சொன்னது விருந்தினர்களுக்குப் புரியவில்லை. ஏதோ வாழ்த்துச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்துக்கொண்டார். ஆன்செல்மா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

விஷயம் இதுதான். படிகள், மேலே தோட்டம் வைத்திருப்பவர்கள் புயலுக்கு முன்பே போட்டவை. பெரும்புயல் வந்து போனபோது பாதை முழுவதும் மரங்கள் விழுந்து மூடிக்கொண்டது. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு மேலே புதிதாக வந்த விடுதி கூலிக்கு ஆள் வைத்து வெட்டிச் சுத்தம் செய்தது. செய்த கையோடு பாதையின் தொடக்கத்தில் ஒரு இரும்புக் கதவையும் நட்டது. முதலில் கதவு திறந்தே இருந்தது. அப்புறம் காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்தது. இப்போது, வரும் திங்கட்கிழமை முதல் ஊர்க்காரர்களுக்குத் திறக்கவே திறக்காது என்று மேலாளர் கார்னீலியஸ் அறிவித்துவிட்டார். தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஆற்றோரமாகப் போகலாமாம். ஆற்றோரம் என்பது பாறை. ஆடுகூட அங்கே யோசித்துத்தான் கால் வைக்கும்.

அன்று மத்தியானம் ஆன்செல்மா உப்பு மீன் வாங்க வெர்னாவின் கடைக்குப் போனாள். ரம் கோப்பையோடு அங்கே உட்கார்ந்திருந்த டிட்டஸ் விடவில்லை.

"வழி விடுங்கப்பா, விடுதி மகாராணி வராங்க. ஓரமா நில்லுங்க, சேறு இருக்கற பக்கமா."

கடையில் சிரிப்பு எழுந்தது. ஆன்செல்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் சொன்னது பொய்தான், டிட்டஸண்ணே. மூஞ்சியில கரி பூசிக்கிட்டேன், சரி. நீங்க எல்லாரும்? வெர்னா, உன் மக அங்கதான துணி துவைக்கிறா? அண்ணே, உங்க வாழைத்தார அங்கதான எடுத்துக்கறாங்க? கதவு நட்டப்ப யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தீங்களா?"

வெர்னா மீனைப் பொட்டலம் கட்டத் தொடங்கினாள்.

"அத விடுங்க. மரம் விழுந்து கெடந்தப்ப நாம ஏன் போயி வெட்டல?"

"யாரும் கூப்பிடலயே" என்றாள் வெர்னா, இதைவிடத் தெளிவான பதில் உலகத்தில் இல்லை என்பதுபோல.

எங்கள் ஊரில் பெரிய வேலை எதுவானாலும் கூட்மென்தான். வீட்டுக்காரர் சங்கு ஊதிக் கூப்பிடுவார், பானை ஏற்றுவார். ஊர் கத்தியோடு வந்து வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடும். கூரை போடுவதும் தோட்டம் திருத்துவதும் இப்படித்தான். ஆனால் கூப்பிட ஒரு வீடு வேண்டும், எரிய ஒரு அடுப்பு வேண்டும். பாதைக்கு ஏது வீடு? அதனால் புயலுக்குப் பிறகு ஊரே அவரவர் வாசலில் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு, யாராவது சங்கு ஊதட்டும் என்று காத்திருந்தது. யாரும் ஊதவில்லை. அந்த இடைவெளியில்தான் விடுதி கதவை நட்டது.

"இப்ப நீங்க கூப்பிடுங்களேன், அண்ணே."

"நான் கூப்பிட்டா, 'டிட்டஸ் தன் தோட்டத்துக்கு வழி பண்ணிக்கறான்'னு சொல்லுவாங்க. மேல தோட்டம் வெச்சிருக்கறவன் யாரு கூப்பிட்டாலும் அதே பேச்சுதான்."

ஆன்செல்மா உப்பு மீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"எனக்கு மேல தோட்டம் கெடயாது" என்றாள். "வெர்னா, உன் பெரிய பானை வேணும்."

சனிக்கிழமை, காலை நேரம் முடிந்து கதவு பூட்டியதும், அந்த இரும்புக் கதவுக்கு நேர் முன்னால் மூன்று கல்லில் அடுப்பு எரிந்தது. பானையில் கிழங்கும் பச்சை வாழைக்காயும் மாவு உருண்டையும் உப்பு மீனும் கொதித்தன. ஆன்செல்மா விடுதியின் பச்சைச் சட்டையை வீட்டிலேயே மடித்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கதவுக் காவலாளி ஜூஸ்தேன் அவளுடைய அக்காள் புருஷன். கதவின் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன கொழுந்தியாளே, வீட்டுல அடுப்பு இடிஞ்சு போச்சா?"

"கூட்மென், அத்தான்."

"யாரு வீட்டுக்கு?"

"இந்த வழிக்கு."

"வழிக்கு வீட்டுக்காரி யாரு?"

"இன்னைக்கு நான்."

சங்கை எடுத்து ஊதினாள். பள்ளத்தாக்கு முழுவதும் அது உருண்டு போயிற்று. அவள் காத்திருந்தாள். பானை பொங்கியது, மூடியை நகர்த்தினாள். ஒருவரும் வரவில்லை. ஜூஸ்தேன் பரிதாபமாகப் பார்த்தான். "போயிடு ஆன்செல்மா. மேலாளர் வரதுக்குள்ள அணைச்சிட்டுப் போயிடு. நான் எதயும் பாக்கலன்னு சொல்லிடறேன்."

அவள் மறுபடி ஊதினாள்.

முதலில் டிட்டஸ் வந்தார், தீட்டிய கத்தியோடு. பிறகு வெர்னா, கூடவே துணி துவைக்கும் மகள். பிறகு இரண்டிரண்டு பேராக, விடுதியில் சம்பளம் வாங்குகிறவர்களும் வாங்காதவர்களும். பாதிப் பேர் அடுப்பருகே வந்தார்கள். மீதிப் பேர் சாலையின் அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போல.

கார்னீலியஸின் ஜீப் வந்தது. அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான்.

"என்ன இது, சந்தையா? இது விடுதி இடம். அணைங்க அடுப்ப."

"வழி எப்ப விடுதி இடம் ஆச்சு சார்?" என்றாள் ஆன்செல்மா.

"மரம் விழுந்து மூடிக் கெடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? யாரு வெட்டினது? நாங்க! உங்கள்ல ஒருத்தர் ஒரு கொம்ப நகர்த்தியிருக்கீங்களா?"

கூட்டத்தில் பலர் தலை குனிந்தார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லையே. ஆன்செல்மா மட்டும் குனியவில்லை. ஒரு தட்டை எடுத்தாள். பானையிலிருந்து கிழங்கும் மீனும் அள்ளி, குழம்பு ஊற்றி, அவர் முன்னால் நீட்டினாள்.

"நாங்க சும்மா கெடந்தோம், நீங்க வெட்டினீங்க. நெசம்தான். அதுக்கு இந்தாங்க, உங்க பங்கு. கூரை போட வந்தவனுக்கு நம்ம ஊருல வயிறாரச் சோறு போடுவோம், கார்னீலியஸ் சார். வீட்ட எழுதிக் கொடுக்க மாட்டோம். சாப்பிட்டுட்டுக் கதவத் தொறங்க."

அவர் தட்டைத் தொடவில்லை. "இது பேச்சா? திங்கட்கிழமை நீ வேலைக்கு வர வேணாம்."

"திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கு சார். மூணாவது வளைவுல படி சரிஞ்சு கெடக்கு."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க" என்றாள் வெர்னா. "கான்ஸ்டபிளோட அம்மா இதோ கெழங்கு உரிச்சிட்டு உக்காந்திருக்கா. அவன் வந்தா அவனுக்கும் ஒரு தட்டு உண்டு, ஒரு கத்தியும் உண்டு."

சாலையின் அந்தப் பக்கம் நின்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் ஆன்செல்மாவின் கையில், ஆவி பறக்க, நீட்டியபடியே இருந்தது. கூட்மென் பானையிலிருந்து அள்ளிய சாப்பாட்டை முகத்துக்கு நேரே மறுப்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். அப்புறம் எல்லாருமே வந்தார்கள்.

"ஜூஸ்தேன்! சாவிய இங்க குடு!" என்றார் கார்னீலியஸ்.

ஜூஸ்தேன் சாவியைப் பார்த்தான், மேலாளரைப் பார்த்தான், தட்டையும் பார்த்தான். பிறகு பூட்டைத் திறந்து கதவை அகலத் தள்ளினான்.

"அந்தத் தட்ட இப்படிக் குடு கொழுந்தியாளே. ஆறிப்போகுது."

கத்தியோடு வந்தவர்கள் பாதையைச் செப்பனிட உள்ளே போனார்கள். டிட்டஸும் இன்னும் மூன்று பேரும் கதவைக் கீலிலிருந்து கழற்றித் தூக்கி, ஜீப்பின் மேலேயே மெதுவாகச் சாய்த்து வைத்தார்கள். "உங்க பொருளு சார், பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்றார் டிட்டஸ். கார்னீலியஸ் ஜீப்பை எடுக்காமல் நடந்தே போனார்.

சாயங்காலம் சேறும் வியர்வையுமாக எல்லாரும் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வெர்னா பானையை வழித்தபடி சொன்னாள்: "நல்லதாப் போச்சு. இனிமே வழிக்கு வீட்டுக்காரி நீதான், ஆன்செல்மா. நீ பாத்துக்குவே."

ஆன்செல்மா கரண்டியை வாங்கி வெர்னாவின் மடியில் வைத்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம். அடுத்த கூட்மென் உன்னுது, அதுக்கப்புறம் அத்தானுது. பொதுவானதுக்கு வீட்டுக்காரங்க இல்லன்னு நாம சும்மா இருந்தோம் பாரு, அந்தச் சும்மாவுல நட்டதுதான் அந்தக் கதவு. ஊருக்குப் பொதுவானதுக்கு ஊருல இருக்கற ஒவ்வொருத்தரும் வீட்டுக்காரங்க. நாம அடுப்பு மூட்டலன்னா, இன்னொருத்தன் வந்து பூட்டுப் போடுவான். போட்டவன் மேல பாதித் தப்புதான். மீதி, பாத்துட்டே நின்ன நம்ம மேல."