பீனின் மூளைப் படம்

நாய் பீனுக்கு மயக்க ஊசி போட்டு ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே உலோகம் ஆகாது என்பதால் லோர்னா அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தட்டத் தொடங்கியது. பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ விடாமல் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது, அவள் கணவன் கார்னெட்டுக்கு.

ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். பீன் அவர்கள் மகன் கோல்பி வளர்த்த நாய். நெடுஞ்சாலைப் பனியில் டிரக் சறுக்கிக் கோல்பி இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. சில மாதங்களாகப் பீன் மாலையானால் கூடத்து மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வாலை ஆட்டியது. தலையைச் சாய்த்து, யாரோ தடவிக் கொடுப்பதுபோல் கண்ணை மூடியது. லோர்னா அந்த மூலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். நாற்காலியோடு அவள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட அன்றே கார்னெட் சாஸ்கட்டூன் நகரத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரம் வாங்கினான்.

டாக்டர் நதீன் திரையில் இரண்டு படங்களைக் காட்டினாள். "இது நல்லா இருக்கிற நாயோட மூளை. இது பீனோடது. எப்படி வத்திப்போயிருக்கு பாருங்க. நடுவுல கறுப்பா இருக்கிறது நீர். கட்டி எதுவும் இல்ல. வயசானவங்களுக்கு மறதி நோய் வருதில்ல, அந்த மாதிரிதான்."

"அப்ப அந்த மூலையைப் பார்க்கிறது?" என்றான் கார்னெட்.

"இந்த நோய்ல அது சகஜம். சுவத்தைப் பார்த்துட்டே நிக்கும்."

கார்னெட்டுக்கு மாதக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"யாரைப் பார்க்குதுன்னு இதுல தெரியுமா?" லோர்னா கேட்டாள்.

டாக்டர் மறுபடி படத்தைப் பார்த்தாள். "தெரியாதுங்க. எது அழிஞ்சிருக்குன்னு மட்டும்தான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீடு முழுக்க ஊளையிட்டு அலையுதுன்னு சொன்னீங்க. இப்ப மயக்கத்துலதான் இருக்கு. எழுப்ப வேணாம்னு தோணினா, இப்படியே போக விட்டுடலாம். அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

கார்னெட் தலையாட்டப் போனான்.

"எழுப்புங்க," என்றாள் லோர்னா.

"அதுக்கு நம்மளையே அடையாளம் தெரியல, லோர்னா."

"உன்னையும் என்னையும்தான் தெரியல."

திரும்பும்போது இருபுறமும் வெண்மையாக வயல்கள். பின் இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு பீன் மயக்கம் தெளியாமல் கிடந்தது. ராஸ்தர்ன் ஊர்த் திருப்பத்தில் கார்னெட் வண்டியை நிறுத்தி, ஒரு லாரி கடந்து போகக் காத்திருந்தான். பின்னால் அசைவு கேட்டது. கண்ணாடியில் பார்த்தான். பீன் தள்ளாடி எழுந்து, யாருக்கோ இடம் விடுவதுபோல் ஓரமாக நகர்ந்து, கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. மீதி இருக்கை காலியாக இருந்தது.

லோர்னா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பக்கக் கதவைத் திறந்தாள், ஒருவர் ஏறிக்கொள்ளும் நேரம் கழித்து மூடினாள்.

"சரியா மூடல போல," என்றாள்.

லாரி போய் வெகுநேரமாகியிருந்தது. கார்னெட் கையை உயர்த்திக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான். அதில் இப்போது காரின் கூரை மட்டும் தெரிந்தது.