கருங்காலிக்குப் போனவன்

திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன றிஸ்மின், செவ்வாய்க்கிழமை விடிந்தும் வரவில்லை. அவன் உப்புநீர் ஏரியான களப்பில் நண்டு வலை பார்க்கப் போனதாகத்தான் எத்தாளை ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. வலைக்குப் போகவில்லை, களப்பைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குள் கருங்காலிக் கட்டை எடுக்கப் போயிருக்கிறான் என்பது ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் வாயைத் திறக்கவில்லை.

அவன் பெயர் கீர்த்திகன். வயலின் செய்கிறவன். சின்ன வயதில் வன்னியிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, சிலாபத்தில் தளபாடத் தச்சனாக இருந்து, தேவாலயப் பாடகர் குழுவின் உடைந்த வயலின் ஒன்றைத் திருத்தப் போய் அந்தப் பைத்தியத்திலேயே விழுந்தவன். எத்தாளையில் ஒரு தென்னந்தோட்டத்துக்கு நடுவே தகரக் கூரைப் பட்டறை. சுவர் முழுக்க, முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்பு இத்தாலியின் கிரெமோனாவில் இருந்த மேதைகள் செய்த வாத்தியங்களின் அளவுப் படங்கள். அவர்களுடைய வளைவை அரை மில்லிமீற்றர் பிசகாமல் உளியால் கொண்டுவருவான். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறை வாயில் இருந்தது. பேச வேண்டாத இடத்தில் அளப்பான், பேச வேண்டிய இடத்தில் கல்லுளிமங்கனாக இருப்பான்.

சுவிஸில் ஓர் இசைக்குழுவில் வாசிக்கிற நம்மவர் பெண் ஒருத்தி அவனிடம் வியோலா ஒன்று கேட்டாள். வியோலா வயலினைவிடப் பெரியது, குரலும் தடித்தது. கிரெமோனாவின் அமாட்டி குடும்பத்தார் செய்த ஒரு வியோலாவைப் பார்த்துச் செய்து தருவதாகப் பேச்சு. அந்த மட்டில் நிறுத்தியிருக்கலாம். "விரல் ஓடுற கறுப்புப் பலகையை எங்கட காட்டுக் கருங்காலியிலயே போட்டுத் தாறன். இப்பிடியொண்டு உலகத்தில ஒருத்தரிட்டயும் இருக்காது" என்று வீடியோ அழைப்பில் அவனே அளந்துவிட்டான். அவள் அதைக் கேட்கவேயில்லை.

கருங்காலி வெட்டுவது குற்றம். அது ஒரு பக்கம் இருக்க, பச்சையாக வெட்டிய கட்டை உடனே உதவாது, வருடக்கணக்கில் காய வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு அவனும் றிஸ்மினும் அக்கரைக்குப் போய் ஒரு மரத்தைச் சாய்த்து, அடிக்கட்டையைச் சருகு போட்டு மூடி, காயட்டும் என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பட்டறையில் கிடந்த துண்டுகள் வயலினுக்குக் காணும், வியோலாவுக்கு நீளம் போதாது. ஆகவே அந்தக் கட்டை வேண்டும். வேண்டும் என்பது அவன் கணக்கு. அந்தக் காலத்துக் கிரெமோனா ஆட்கள் பலர் கருங்காலியை மெல்லிய தகடாகச் சீவி வேறு மரத்தின் மேல் ஒட்டித்தான் வேலையை முடித்தார்கள், கிடைக்காதபோது சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். இதெல்லாம் கீர்த்திகனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அனுப்பினான்.

றிஸ்மின் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து, "நாளைக்கு நீங்களும் வாறீங்களா அண்ணன்? ரெண்டு பேரெண்டா கட்டையப் புரட்டி அறுக்க லேசு" என்று கேட்டான்.

"நாளைக்கு மேல்பலகை ஒட்டோணும். பசை காய்ச்சினா விட்டிட்டு வரேலாது. நீ போட்டு வா. மூண்டடித் துண்டு காணும்."

"அப்ப சரி. ஊட்டுல நண்டு வலைக்கெண்டு சொல்லிட்டுப் போறன். பஸீஹாக்குத் தெரிஞ்சா ஏசுவா" என்று சிரித்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இருந்த படகெல்லாம் களப்பில் இறங்கியது. பத்து மணியளவில் றிஸ்மினின் மனைவி பஸீஹா, மகள் ஷிம்லாவையும் கூட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. ஷிம்லாவுக்குப் பதினான்கு வயது.

"கீர்த்தி அண்ணன், இவரு ஒங்கக்கிட்ட ஏதும் சொன்னாரா? ஞாயித்துக்கிழமை இஞ்ச வந்துட்டுத்தானே ஊட்டுக்கு வந்தாரு."

கீர்த்திகன் உளியைக் கீழே வைத்தான். "இல்லைத் தங்கச்சி. சும்மா கதைச்சுக்கொண்டு இருந்திட்டுப் போனவன். எனக்கொண்டும் சொல்லேல்லை."

"வலைய எந்தப் பக்கம் போட்டிரிக்காரெண்டு சரி தெரியாதா?"

"தெரியாது."

"வாப்பா நல்லா நீந்துவாரு மாமா" என்றாள் ஷிம்லா. யாருக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஓம் மகள். வந்திடுவார்."

அவர்கள் படலையைத் தாண்டியதும் இந்த மனுசன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அலுமாரியில் இருந்த கருங்காலித் துண்டுகளை ஒன்றும் விடாமல் அள்ளிக்கொண்டு போய், தோட்டத்து மூலையில் தேங்காய் மட்டைக் குவியலுக்குக் கீழே புதைத்தான். றிஸ்மின் காட்டில் இரண்டாவது நாளாகக் கிடக்கிறான், இவன் மட்டை அடுக்குகிறான். வனத்துறைக்காரர் நடமாட்டம் பார்த்து எங்காவது பதுங்கியிருப்பான், பொழுதுபட வந்துவிடுவான், வீணாக நான் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னான். பொலிஸ், வழக்கு, சிறை, வெளிநாட்டில் எடுத்த பெயர் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. மனைவி வதனா குவைத்தில் வேலை. அவள் வீட்டில் இருந்திருந்தால் ஒருவேளை சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருப்பாள்.

பொழுதுபட்டது. றிஸ்மின் வரவில்லை.

புதன்கிழமை நேவிப் படகும் வந்து தேடியது. கீர்த்திகனும் தேடப் போனான். போகாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற பதுர்தீன் ஹாஜியாரின் போட்டில் முன்பக்கம் உட்கார்ந்து, மற்றவர்களைப் போல அவனும் கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனான். வெயில் தலையைப் பிளந்தது. அக்கரைக் காடு கறுப்பாகத் தெரிகிற தூரத்துக்கு வந்தபோது அவன் பின்பக்கம் திரும்பிக் கேட்டான்.

"ஹாஜியார், அந்தப் பக்கமும் ஒருக்காப் பாத்தா என்ன?"

"அங்க என்னத்துக்கு? அவன் வலை போடுறது இந்தப் பக்கந்தானே. காத்தும் இஞ்சாலதான் அடிச்ச. எண்ணெய் முடியப் போகுது தம்பி, திருப்புவம்."

ஒரு வசனம் போதும். 'அவன் காட்டுக்குள்ள போனவன்' என்று மூன்று சொல். போட்டில் இருந்த ஆறு பேரும் அந்த நிமிடமே கரைக்குக் குதித்திருப்பார்கள். அவன் திரும்பவும் தண்ணீரையே பார்த்தான். போட் திரும்பியது. கரையில் பஸீஹா நின்றாள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் இவன் முகத்தையும் பார்த்தாள். இவன் தலையை இல்லை என்று ஆட்டினான்.

வியாழக்கிழமை காலை அக்கரையில் மாடு தேடிப் போன ஒருவர், ஆற்றுவாய்க்குக் கிட்ட கண்டல் பற்றைக்குள் றிஸ்மினின் வள்ளம் கட்டியிருப்பதைக் கண்டு தகவல் சொன்னார். ஆள் கரையேறியிருக்கிறான் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. இனி எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று கீர்த்திகனுக்கும் விளங்கியது. அப்போதுதான் அவனுக்கு வாய் வந்தது. நேரே பதுர்தீனிடம் ஓடினான்.

"ஹாஜியார், எனக்கு இப்பத்தான் நினைவு வருது. அந்தப் பக்கக் காட்டுக்குள்ள ஒரு கருங்காலிக் கட்டை கிடக்குதெண்டு றிஸ்மின் முந்தி ஒருக்காச் சொன்னவன். இடம் சாடையாத் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போறன்."

சாடையாம். கண்ணைக் கட்டி விட்டாலும் போகக்கூடிய இடம். பொலிசும் ஊர் ஆட்களுமாகப் பதினைந்து பேர், யானைத்தடம் வழியே ஒன்றரை மணித்தியாலம் நடந்தார்கள். கட்டை பாதி அறுத்தபடி சரிவில் கிடந்தது, வாளும் அதிலேயே செருகியபடி. அறுக்கும்போது கட்டை புரண்டு காலில் விழுந்திருக்கிறது. எப்படித்தான் காலை இழுத்தெடுத்தானோ, அங்கிருந்து மண்ணில் இழுபட்ட தடம் பற்றைகளுக்குள்ளால் களப்பு இருந்த திசைக்குப் போனது. முந்நூறு மீற்றர் தூரம் போயிருந்தான். வற்றிப்போன ஒரு நீர்க்குழியின் ஓரத்தில் குப்புறக் கிடந்தான். விரல் நகங்களில் சேறு இருந்தது. போத்தல் காலி. போன் சட்டைப் பையில் இருந்தது, அந்தக் காட்டில் அதற்குச் சிக்னல் கிடையாது.

ஆஸ்பத்திரியில் றிஸ்மினின் உடலை, மையத்தை, சோதித்த வைத்தியர் பதுர்தீனைக் கூப்பிட்டுச் சொன்னார். கீர்த்திகன் பக்கத்தில்தான் நின்றான். முறிந்த காலும் இரத்தம் போனதும் மட்டும் ஆளைக் கொன்றிராது, தண்ணீர் இல்லாமல் போனதுதான் காரணம் என்றார். உயிர் போனது வியாழக்கிழமை விடியப்புறம். புதன்கிழமை கொண்டுவந்திருந்தால் கால் போயிருக்கும், ஆள் இருந்திருப்பார் என்றார்.

பொலிசில் கீர்த்திகன் கொடுத்த வாக்குமூலம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. உதவி செய்ததற்கு நன்றி என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். பதுர்தீன் எல்லாருக்கும் முன்னால் இவன் கையைப் பிடித்து, "இந்தத் தம்பி இல்லாட்டி இண்டைக்கு மையத்தும் இல்ல" என்றார். அதே கூட்டத்தில் பின்னால் நின்ற இரண்டு பேர், கள்ள மரம் வெட்டப் போய் அநியாயமாகச் செத்தான் என்று மெதுவாகக் கதைத்தார்கள். அதுவும் இவன் காதில் விழுந்தது.

அடுத்த ஐந்து நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வியோலாவை எடுத்து மடியில் வைப்பான், உளியைத் தொடுவான், திருப்பி வைப்பான். நடந்ததை எப்படிப் பூசி மெழுகிப் பார்த்தாலும் புதன்கிழமையில் வந்து நின்றது. ஆறாம் நாள் பின்னேரம் சாரத்தை மாற்றிக்கொண்டு றிஸ்மினின் வீட்டுக்குப் போனான்.

பஸீஹா இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டாள். அவளுடைய சாச்சி விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து பஸீஹாவின் குரல் வந்தது.

"ஒங்களுக்கு அல்லாஹ் கூலி தருவான் அண்ணன். நீங்க சொல்லாட்டி மையத்த நரி திண்டிருக்கும். என்ட மகள் அஞ்சு வேளையும் ஒங்களுக்குத்தான் துஆக் கேக்குறாள்."

அவன் கோப்பையை எடுத்துத் திரும்ப வைத்தான்.

"ஒண்டுதான் மனசு ஆறுதில்ல. இவரு கள்ள மரத்துக்குப் போற ஆளில்ல. ஊரு அப்பிடிக் கதைக்குது. என்னத்துக்குப் போனாரெண்டு எனக்கு இன்னும் விளங்குதில்ல."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது. அப்படி எழும்புகிற ஆள்தான் அவன். அன்றைக்கு ஏனோ கால் எழும்பவில்லை.

"தங்கச்சி, அவன் கள்ள மரத்துக்குப் போகேல்லை. நான்தான் அனுப்பினனான். மரம் எனக்கு."

திரை அசையவில்லை.

"அப்ப அவரு எங்க போனாரெண்டு ஒங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் செவ்வாய்க்கிழமை வந்து கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

"புதன்கிழமை ஹாஜியாரிட போட்டுல போயிட்டு வந்து, என்னப் பாத்துத் தலைய ஆட்டினீங்களே. அப்பவும்."

"தெரியும் தங்கச்சி."

அவன் அழுகையை எதிர்பார்த்தான், ஏச்சை எதிர்பார்த்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

"ஷிம்லா" என்று கூப்பிட்டாள் பஸீஹா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இஞ்ச வா மகள். மாமா வந்திரிக்காரு, போய்க் கிட்ட இரி." பிறகு திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்: "இவள் ஒங்களுக்குத் துஆக் கேக்குறத என்னால நிப்பாட்டேலா அண்ணன். நீங்களே நிப்பாட்டுங்க. எனக்குச் சொன்னத அப்பிடியே இவளுக்கும் சொல்லுங்க."

ஷிம்லா வந்தாள். தொழுகைக்கு ஒழுச் செய்திருந்தாள் போலும், முகத்தில் தண்ணீர் காயவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்ன மாமா?"

"ஞாயித்துக்கிழமை உங்கட வாப்பா என்ர பட்டறைக்கு வந்தவர்" என்று கீர்த்திகன் தொடங்கினான்.

வாப்பாவைப் பற்றி ஏதோ நல்ல கதை சொல்லப்போகிறான் என்று நினைத்து, அவள் கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.