ஆட்டம் முடிஞ்சுதா, தம்பி?

தொலைக்காட்சி நிலையத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெண்கலத் தொண்டை என்று பாராட்டியவர்களும் உண்டு, வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி கத்துகிறான் என்று சிரித்தவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் பொதுவாக அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கால்பந்து வர்ணனைதான் அவன் பிழைப்பு. பந்து கோலுக்குள் போகும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்புவான். அதைக் கேட்பதற்காகவே ஆட்டம் பார்க்கிறேன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவனும் அதைத் தன்னடக்கத்தோடு மறுத்ததே இல்லை.

தொற்று வந்த வருடம் எல்லா ஆட்டங்களும் கொஞ்ச காலம் நின்றன. பிறகு காலி மைதானத்தில் மறுபடி தொடங்கின. ஆட்டக்காரர்களை ஒரு ஓட்டலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். வர்ணனையாளர்களை வீட்டிலிருந்தே பேசச் சொன்னார்கள். வெண்கலம் படுக்கையறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினான். கட்டில் மெத்தையைத் தூக்கி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தான். சுவரில் கம்பளி தொங்கவிட்டான். மேஜையில் இரண்டு திரைகள், தலையில் மைக், பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர்.

"ஆட்டம் நடக்கும்போது வீடே இடிஞ்சு விழுந்தாலும் கதவைத் தட்டாதே" என்று மனைவியிடம் சொன்னான்.

"வீடு இடிஞ்சு விழுந்தா தட்டறதுக்குக் கதவு எங்க இருக்கும்?" என்றாள் அவள்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். முகக்கவசக் கயிறு அறுத்த புண் காதுக்குப் பின்னால் ஆறாமல் கிடந்தது.

அவர்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். கட்டடத்தில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். அவர் மனைவி எல்லோருக்கும் அக்கா. ஊரே அடைபட்டிருந்தபோதும் லிஃப்ட்காரருக்கு ஓய்வில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டுகள் இரவு பகலாக ஓடி அடிக்கடி மக்கர் பண்ணின. அவரும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது மாடிப்படியில் வெண்கலத்தைப் பார்த்தால் ஒரு வாக்குவாதம் நிச்சயம். அவர் கீழ்ப்படியில், இவன் மேல்படியில், நடுவில் இடைவெளி.

"ஊரே மூச்சு முட்டிக் கிடக்கு. இந்த நேரத்துல உங்களுக்குப் பந்து ஒரு கேடா?" என்பார்.

"வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவன் ராத்திரி பகலா சுவத்தையே பாத்துட்டு இருக்கணுமா அண்ணே?"

"சுவத்தைப் பாத்து எவனும் செத்ததில்ல. பந்து உதைக்கிறவனுக்கு தினமும் மூக்குல குச்சி விட்டுப் பாக்கறாங்க. என்கூட வேலை பாக்கறவன் காய்ச்சலோட வரிசையில நின்னு நின்னு திரும்பி வந்துட்டான்."

"ஆட்டத்தை நிறுத்திட்டா அந்தக் குச்சி நேரா உங்க ஆள் மூக்குக்கு வந்துடுமா?"

"வராதுதான்" என்று ஒப்புக்கொள்வார். "ஆனா கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தாம இருக்கும்ல?"

இருவரும் சிரித்துவிட்டுப் போவார்கள். வெண்கலம் மனதார நம்பித்தான் பேசினான். துக்கத்தில் இருக்கிறவனுக்கு ரெண்டு மணி நேரம் வேறு ஒன்றை நினைக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை நாங்கள் கொடுக்கிறோம் என்று ஒரு பேட்டியில்கூடச் சொன்னான். நல்ல பேச்சு என்று பலர் மெச்சினார்கள்.

அப்புறம் லிஃப்ட்காரருக்கே காய்ச்சல் வந்தது. வீட்டிலேயே படுத்தார். வெண்கலத்தின் மனைவி மாத்திரைகளைக் கதவருகே வைத்துவிட்டு வருவாள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் சின்னக் கருவியையும் கொடுத்திருந்தாள். அக்கா கதவிடுக்கில் நின்று அதன் எண்ணைச் சொல்வாள்.

அன்று சாயங்கால ஆட்டம். பட்டியலில் கடைசியில் கிடந்த அணி, போன வருடச் சாம்பியனோடு ஆளுக்கொரு கோலில் சமமாக நின்றது. கடைசிப் பத்து நிமிடம். கத்துக்குட்டிகள் சாம்பியனை அவர்கள் கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வெண்கலத்தோடு சேர்ந்து பேசியவர் பழைய கோல்கீப்பர். அவரும் தன் வீட்டிலிருந்துதான் பேசினார். அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

மனைவி. முகக்கவசம்கூடப் போடவில்லை.

வெண்கலம் மைக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

"கீழ அண்ணனுக்கு மூச்சு இழுக்குது. நம்பர் சடசடன்னு இறங்குது. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா லைனே கிடைக்கல. வண்டிய எடுங்க."

கட்டடத்தில் அந்த நேரத்தில் இருந்த ஒரே கார் அவனுடையது. அவளுக்கு ஓட்டத் தெரியாது.

"பத்து நிமிஷம். ஆட்டம் முடிஞ்சுடும்."

"பத்து நிமிஷம் தாங்குமான்னு தெரியலங்க."

"போ, இதோ வர்றேன்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓடினாள். அவன் எழுந்தான். வண்டிச் சாவி மேஜைமேல்தான் கிடந்தது. அதை எடுக்கத்தான் எழுந்தோம் என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். ஆனால் அவன் கை சாவிக்குப் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்து மைக்கைத் திறந்தான். இடது ஓரத்தில் ஒரு மாற்று ஆட்டக்காரன், அந்தப் பருவத்தில் முதல் தடவையாகக் களமிறங்கியவன், பந்தோடு ஓடத் தொடங்கியிருந்தான். ஒருவனைத் தாண்டினான். அப்போது கதவு தட்டப்பட்டது. "சாவியாவது குடுங்க. காவல்காரர் ஓட்டறேங்கறார்." இன்னொருவனைத் தாண்டினான். மறுபடி தட்டல், உள்ளங்கையால், பலமாக. வெண்கலத்தின் குரல் தட்டலுக்கு மேலே ஏறியது. அவன் உடம்பு முழுக்க அந்தப் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கோல் விழுந்தது. அவன் ஆயுளில் எழுப்பாத சத்தத்தை எழுப்பினான். மூச்சு தீரும் வரை இழுத்தான். நிறுத்தியபோது வெளியே தட்டல் நின்றிருந்தது.

ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தால் வீட்டில் யாரும் இல்லை. கீழே ஓடினான். அக்காவின் வீடு ஆவென்று திறந்து கிடந்தது. கட்டிலிலிருந்து போர்வை தரையில் இழுபட்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான். அந்த நேரத்தில் செய்யத் தோன்றியது அது ஒன்றுதான்.

கட்டடத்துக் காவல்காரர்தான் சொன்னார். தண்ணீர் கேன் போடுகிற வண்டி தெருவில் வந்திருக்கிறது. அதை மறித்து, கேன்களை ஒதுக்கி, அவரைக் கிடத்தி, இரண்டு பெண்களும் பின்னால் ஏறிப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே யாரையும் விடவில்லை. வெளியே நடைபாதை ஓரத்தில் அவன் மனைவியும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் புடவையும் நனைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காதான் பேசினாள்.

"ஆட்டம் முடிஞ்சுதா, தம்பி?"

குத்தலாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். வேலையிலிருந்து வருகிறவனை, வேலை முடிஞ்சுதா என்று கேட்கிற மாதிரி.

"முடிஞ்சுதுக்கா."

"யாரு ஜெயிச்சா?"

சொல்லக் கூசியது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னான். "நல்லது" என்று தலையாட்டிவிட்டு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அந்த 'நல்லது' மாதிரி வலித்திருக்காது.

லிஃப்ட்காரர் பிழைத்தார். பல நாள் கிடந்து, அரை ஆளாகத் திரும்பி வந்தார். நுரையீரல் சுருங்கிப்போச்சு, கனமான வேலை இனி ஆகாது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. வெண்கலமும் கேட்கவில்லை, கேட்க வாயில்லை.

அதற்குள் அந்தக் கோல் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. கோலைவிட அவன் சத்தம்தான் அதிகம் சுற்றியது. கைப்பேசிக்கு அழைப்பொலியாக வைத்துக்கொண்டார்கள். உற்றுக் கேட்டால் அந்தச் சத்தத்துக்கு அடியில் கதவு தட்டப்படுவது கேட்கும். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுக்காரிக்கும் தாங்கல போல, கதவைத் தட்டிக் கொண்டாடறா என்று ஒருவன் எழுத, ஆயிரக்கணக்கான பேர் சிரித்தார்கள்.

மனைவி மருந்துக்கடையில் ஒரு வாடிக்கையாளரின் கைப்பேசியில் அதைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தாழ்ப்பாள் போட்டீங்க இல்ல?"

"ம்."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு அவனும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி மடித்தாள், எதிரே உட்காரவில்லை.

தொலைக்காட்சியில் விவாதத்துக்கு அழைத்தார்கள். இந்தச் சமயத்தில் ஆட்டங்கள் தொடரலாமா, கூடாதா? ஆட்டத்துக்கு ஆதரவாகப் பேச அவனைவிட்டால் யார்? நெறியாளர் அந்தச் சத்தத்தை ஒரு முறை ஒலிக்கவிட்டு, "இந்த ஒரு நொடிக்காக மக்கள் எத்தனை நாள் காத்திருந்தாங்க, சொல்லுங்க" என்றார். வெண்கலம் வாயைத் திறந்தான். முன்பு சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை.

"தொடரலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. இதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல" என்றான். நெறியாளர் சிரித்துச் சமாளித்து அடுத்தவரிடம் போனார்.

கடைசியில் ஒருநாள் காலை, அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, கீழ்வீட்டுக்குப் போனான். லிஃப்ட்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"வா. உன் பொண்டாட்டி இல்லேன்னா... இந்நேரம் எனக்கு மாலை போட்டிருப்பாங்க. நீதான் அன்னைக்கு... வீட்டுலயே இல்லையாமே."

"யார் சொன்னாங்க?"

"அவதான்."

அக்கா தன் புருஷனிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாள். தப்பித்துக்கொள்ள வாசல் திறந்துதான் இருந்தது. வெண்கலம் அதில் நுழையவில்லை.

"நான் வீட்டுலதான் இருந்தேன் அண்ணே."

"தெரியும்" என்றார் அவர். "காவல்காரர் என்னைக் கீழ இறக்கும்போது... நீ கத்துனது லிஃப்டுக்குள்ள கேட்டுச்சு. அந்தத் தொண்டை... வேற யாருக்கு இருக்கு? நீ வீட்டுல இல்லேன்னு அவ சொன்னா, நானும் ஆமாம்னுட்டேன். ஒரே கட்டடத்துல... மூஞ்சில முழிக்கணும்ல."

வெண்கலம் சுவரில் சாய்ந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏன் வரல?" என்றார் அவர். கோபமில்லாமல், ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று கேட்கிறவர் போல. "வேலை போயிடும்னா? நோய் ஒட்டிக்கும்னா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வெண்கலத்துக்கு அது தெரியும்.

"ரெண்டும் இல்லண்ணே. என்கூடப் பேசற கீப்பர் தனியாவே பேசியிருப்பார், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க. கோல் விழப்போகுதுன்னு தோணுச்சு. அதை வேற ஒருத்தன் சொல்றதை என்னால தாங்க முடியல. நான்தான் சொல்லணும்னு இருந்துச்சு."

லிஃப்ட்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. அவர் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று மெல்ல விலகிப் போனதை வெண்கலம் பார்த்தான்.

"இதை அவகிட்ட சொல்லாதே" என்றார் கடைசியில். "வேலைன்னே சொல்லு. வேலைன்னா... அவ மன்னிச்சுடுவா."

"நீங்க?"

"நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டுப் படியேறத் திரும்பினால், அக்கா காய்கறிப் பையோடு மேலே வந்துகொண்டிருந்தாள். முகம் மலர்ந்தது. "பேசிட்டு வர்றீங்களா? அவருக்கும் பேச்சுத் துணை வேணும். அடிக்கடி வாங்க தம்பி."

"அக்கா, அன்னைக்கு..." என்று தொடங்கினான். உண்மை தொண்டை வரை வந்து நின்றது. ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தத் தெரிந்த அந்தத் தொண்டையால், ஒரு படி கீழே நிற்கிறவளுக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை சொல்ல முடியவில்லை. "அன்னைக்கு வேலை... விட்டுட்டு வர முடியல."

"அட, அதை இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?" அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காலி கையால் அவன் தோளைத் தட்டினாள். "வேலைன்னா என்ன பண்றது? வயித்துப் பிழைப்பாச்சே. நான் அன்னைக்கே அப்படித்தான் நெனைச்சேன்."

அவள் உள்ளே போனாள். அவன் அங்கேயே நின்றான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. செய்ததை வைத்துக்கொண்டு இனி அவன் யாரிடம் போவான்?

அந்தப் பருவம் முடியும்வரை வெண்கலம் வர்ணனை செய்தான். கோல் விழும்போதெல்லாம் கத்தினான். முன்பு போல இல்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். மாதம் இருமுறை லிஃப்ட்காரரைப் பரிசோதனைக்கு அவன்தான் காரில் கூட்டிப் போனான். போகும்போதும் வரும்போதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வருவார். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் மறுபடி வாக்குவாதம் செய்யவே இல்லை. அக்கா மட்டும் கட்டடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான், தங்கமான தம்பி என்று. அது காதில் விழும்போதெல்லாம் அவன் மனைவி கையிலிருந்த வேலையை நிறுத்தாமல், தலையை மட்டும் குனிந்துகொள்வாள்.