தக்காளிச் செடிகளுக்கு மேல் நின்றவர்கள்

"உங்க தக்காளிச் செடிக்கு மேல எதுக்குக்கா இத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க?"

மாடி அறையில் வாடகைக்கு இருந்த ராக்னில்ட் ஒரு மே மாதக் காலையில் இப்படிக் கேட்டபோது டெக்லா அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நார்வேக்காரப் பெண் கேலி பேசுகிற ரகமில்லை. டெக்லா கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வேலி, உரக்குழி, நாற்றுப் பெட்டி. ஆள் யாரும் இல்லை. ராக்னில்ட் அவள் கையைப் பிடித்து மாடி ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கனடாவின் சாஸ்கட்டூனில் எந்தக் கொல்லையிலும் அந்தப் பெட்டி இருக்கும். நாலு பக்கமும் பலகை, மேலே கண்ணாடி மூடி. பனி தாமதமாகப் போய்ச் சீக்கிரமாகத் திரும்பி வருகிற ஊர். நாற்றை மே கடைசி வரை கண்ணாடிக்கு அடியில் ஒளித்து வைக்காவிட்டால் தக்காளி பச்சையாகவே செத்துப்போகும்.

மாடியிலிருந்து சாய்வாகப் பார்த்தால் பெட்டிக்குள் ஈரக் கரிசல் மண் தெரிந்தது. மூடியின் ஓரத்துக் கண்ணாடி ஒன்றில் மட்டும், காலை வெயில் பட்டு, மனிதர்கள் நின்றார்கள். பாதி எழும்பிய கல்சுவர். அதன்மேல் வரிசையாகத் தொப்பி போட்டவர்கள். எல்லாரும் இவளையே பார்த்தார்கள்.

டெக்லா கீழே ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். கறை படிந்த கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். மறுபடி மாடிக்கு ஓடினாள். நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குள் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை மேலே வந்தது. இருவரும் அசையவில்லை.

ராக்னில்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் வேலை பார்த்ததே பல்கலைக்கழக நூலகத்தில், பழைய படங்களும் புத்தகங்களும் வைத்திருக்கும் அறையில். அந்தக் காலத்தில் படம் கண்ணாடியில்தான் விழும், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறி விழும், அடியில் இருட்டு இருந்தால் சில சமயம் உள்ளபடியே தெரியும் என்று சொன்னாள். பல்கலைக்கழகத்தின் ஐம்பதாம் ஆண்டுக்குப் படப்புத்தகம் ஒன்று போடுகிறார்கள். முதல் பாலம் இருக்கிறது, முதல் பட்டமளிப்பு இருக்கிறது, தொப்பியைக் கழற்றி வணங்கும் பிரமுகர்கள் பெட்டி பெட்டியாக இருக்கிறார்கள். கட்டியவர்கள் மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

அதைக் கேட்டதும் டெக்லா ஜன்னலை இன்னும் நெருங்கிப் போனாள். அவளுடைய அப்பா அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர். வயல்களில் கிடந்த கல்லைப் பொறுக்கி, வண்டியில் ஏற்றி, ஆற்றங்கரை மேட்டில் சுவராக்கியவர்களில் ஒருவர். டெக்லா வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. போட்டோக்காரன் வந்து எல்லாரையும் சுவரில் ஏற்றி நிறுத்திப் படம் பிடித்தான், உன் அப்பாவும் நின்றார் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் போய்க் கேட்டு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டதில் அம்மாவும் இறந்துபோனாள், போட்டோக்காரனும் கடையை மூடிவிட்டான்.

சாயங்காலம் மாவு மில்லிலிருந்து புருஷன் ஹரசிம் புருவத்தில் மாவோடு வந்து உட்கார்ந்ததும் டெக்லா பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை வைத்தாள். அவன் பாலேட்டை அள்ளி ஊற்றிக்கொண்டான்.

"அந்தக் கண்ணாடியெல்லாம் எங்க வாங்கினே, கிழவா?"

"ஆத்தோரத் தெருவுல. போட்டோக்காரன் கடையைக் கட்டினப்போ. நம்ம தெருவே வாங்குச்சே. நீ உங்க அக்கா வீட்டுக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்தே."

"அதுல என்ன இருந்துச்சு?"

"அழுக்கு. கறுப்பா இருந்துச்சு, கழுவினேன். வெந்நீர்ல சலவைச் சோடா போட்டு ஊறவெச்சுக் கத்தியால சுரண்டினா தோல் மாதிரி உரிஞ்சு வரும் பாரு, நாரை. அப்புறம் பளிங்குதான்." பெருமையாகச் சொன்னான். போன கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு கண்ணாடியை உடைத்தது, அவசரத்துக்கு மிச்சமிருந்த ஒன்றைக் கழுவாமலே செருகிவிட்டேன், அதுதான் ஓரத்தில் கறுப்பாக இருக்கிறது என்று சமாதானமும் சொன்னான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை நாரை என்றுதான் கூப்பிடுவான். கழுத்து நீளம் என்பதால் இருக்கும் என்று அவள் கேட்காமலே விட்டிருந்தாள். அவன் சுரண்டிப்போட்ட அழுக்குதான் படம் என்பதை டெக்லா சொன்னாள். சத்தம் போடாமல் சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அன்று தட்டு காலியாகவில்லை.

ராக்னில்ட் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளத்தில் சுற்றி எடுத்துப்போனாள். படம் தயாரான அன்று டெக்லா தனியாகத்தான் கிளம்பினாள். மில்லில் வேலை இருக்கிறது என்று ஹரசிம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

நூலக மேசை நிறையும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். டெக்லா ஏதோ மங்கலாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். சட்டைப் பொத்தானின் நூல் தெரிந்தது. ஒருவன் கையில் கடித்த ரொட்டி இருந்தது, கடித்த பல்லின் அச்சோடு. ஜன்னல் வரவேண்டிய ஓட்டைகள் வழியே வானம் தெரிந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. வீடில்லை, தெருவில்லை, ஒற்றை மரமில்லை. காற்றில் சாய்ந்த புல் அடிவானம் வரைக்கும். அந்த வெறும் புல்வெளியில், படிக்க இன்னும் யாருமே வந்து சேராத ஊரில், இந்த மனிதர்கள் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்காது. இப்போது அவள் நிற்கிற அறையின் சுவர் அதுதான். டெக்லா கையை நீட்டி அந்தக் கல்லைத் தொட்டாள். தேவாலயத்தில் பேசுகிற மாதிரி குரல் தானாகத் தணிந்துபோனது.

"இதுல எங்கப்பா யாரு?"

ராக்னில்ட் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். "ஏதாவது அடையாளம் சொல்லியிருக்காங்களாக்கா?"

"நல்லாப் பாடுவாராம். வாயை மூடிக்கிட்டு நிக்கிறவங்கள்ல எவர் பாடுவார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ராக்னில்டுக்குச் சிரிப்பு வந்தது. டெக்லாவுக்கும் வந்து, பாதியில் நின்றுவிட்டது. படத்தின் இடது மூலையில், நாற்றுப் பெட்டியின் ஈரம் ஏறி, மூன்று நான்கு பேருக்கு முகமே இல்லை. தோல் உரிந்த மாதிரி வெள்ளை. அவர் அங்கே நின்றிருந்தால்? மேசையில் முழங்கை ஊன்றி ஒவ்வொரு முகமாகப் போனாள். இந்த மூக்கு தன் மூக்கா, இந்தத் தாடை தன் மகனுடையதா? எல்லாரும் அப்பா மாதிரி இருந்தார்கள். யாரும் அப்பா இல்லை.

கதவருகில் செருமல் கேட்டது. ஹரசிம் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்து நின்றான். புருவத்தில் மாவு இல்லை. ராக்னில்ட் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் வெகுநேரம் படத்தைப் பார்த்தான். பிறகு மேசைமேல் குனிந்திருந்த மனைவியின் காலைப் பார்த்தான். மறுபடி படத்தை. சோடாவில் வெடித்து ஆறிய விரலை மெதுவாக நீட்டி, வலது கோடியில் சுவரின் உச்சியில் நின்ற ஒருவனுக்குக் கீழே நகத்தை வைத்தான்.

ஒல்லியான ஆள். மற்ற எல்லாரும் போட்டோவுக்காக இரண்டு காலையும் ஊன்றி விறைப்பாக நிற்க, அவன் மட்டும் அந்த உயரத்தில், இடது காலைத் தூக்கி வலது முழங்காலுக்குப் பின்னால் கொக்கி போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் சாவகாசமாக நின்றான். முகம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம்.

டெக்லா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுடைய இடது பாதம் வலது முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. அதை எப்போது தூக்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. அடுப்படியில், நீர்த்தொட்டியடியில், தேவாலயத்தில், இத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். தான் நிற்பதைத் தானே எப்படிப் பார்ப்பது? பார்த்து நாரை என்றவன் ஒருவன்தான்.

அவள் நிமிர்ந்தபோது ஹரசிம் கதவருகே போயிருந்தான். தொப்பியைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் சரிசெய்தான். பிறகு கல்சுவர் ஓரமாக நடந்து வெளியே போனான்.