எட்டுச் செங்கல்

1

வீரம்மா ஏன் தூரிகையைத் தொடவே இல்லை?

இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. கேள்வி என்னுடையதுகூட இல்லை, என் அறைத்தோழி சசிரேகாவுடையது. குன்னூரில் இருவரும் ஆர்ட் தெரபி முதுகலை படித்தோம். அவள் முடித்தாள். நான் பாதியில் விட்டுவிட்டு இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: பனி மூடிய தேயிலைச் சரிவில் சசிரேகா மெல்ல

[வேண்டாம். பனி மூடாத தேயிலைச் சரிவை யாராவது எழுதியிருக்கிறார்களா?]

இரண்டாவது: அன்று ஐந்தாவது வியாழக்கிழமை.

இது இருக்கட்டும்.

2

அன்று ஐந்தாவது வியாழக்கிழமை. எஸ்டேட்டின் பழைய மருந்தகக் கட்டடத்தில் சசிரேகாவுக்குச் சிகிச்சை தரும் பயிற்சி. எதிர் நாற்காலியில் வீரம்மா.* முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. மகள் தேவிதான் அழைத்து வந்து விட்டாள்.

வாரம் தவறாமல் வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளை மடியில் போட்டு, தாளையே முக்கால் மணி நேரம் பார்ப்பார். "வர்றனுங்க" என்று எழுந்துகொள்வார்.

இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வரையத் தெரிந்திருக்க வேண்டாம். வாயால் சொல்ல முடியாததை ஒருவர் தாளில் வைக்கிறார். பிறகு இருவருமாக அந்தத் தாளைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதைவிட அது சுலபம். தாள் வெறுமையாகவே இருந்தால் சேர்ந்து பார்க்க ஒன்றுமில்லை.

"ஆறு வாரம் பாரு சசி," என்றிருந்தார் பயிற்சியைக் கண்காணித்த ரோஸ்மேரி மேடம். "ஒண்ணும் நடக்கலைன்னா அந்த நேரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடணும். பத்துப் பேர் காத்திருக்காங்க."

(மேடம் இவ்வளவு கறார் இல்லை. குரல் நான் கூட்டியது. ஆறு வாரக் கெடு உண்மை.)

வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும்தான் அம்மா வீட்டை விட்டு வெளியே வருகிறார் என்று தேவி சொல்லியிருந்தாள். அதுவும் போய்விட்டால்?

* இது நான் வைத்த பெயர்.

3

எங்கள் அறை ஒரு பேக்கரிக்கு மேலே. வியாழன் மாலைகளில் வர்க்கியை டீயில் நனைத்தபடி வீரம்மாவின் வெற்றுத்தாளுக்கு அர்த்தம் தேடுவோம். "துக்கம்," என்பேன். "இல்ல, தப்பாப் போயிடுமோங்கற பயம்," என்பாள் அவள். தாளைப் பெரிதாக்கினாள். கலர் சாக்பீஸ் வைத்தாள். களிமண் வைத்தாள். வீரம்மா எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார்.

இப்போதும் எங்காவது வர்க்கி வாசனை அடித்தால் அந்த வருடம் திரும்பி வந்துவிடுகிறது. எதையும் விளக்கிவிடலாம் என்று நாங்கள் நம்பிய

[போதும். வீரம்மா காத்திருக்கிறார்.]

4

நேரம் முடிந்ததும் வீரம்மா எழுந்து குழாய்த் தொட்டிக்குப் போவார். காலையில் அங்கே வரைய வரும் எஸ்டேட் பிள்ளைகள் ஊறப்போட்ட தூரிகைகளைக் கழுவுவார். வாராவாரம் இது நடந்தது. சசிரேகா அப்போது குறிப்பெழுதிக்கொண்டிருப்பாள். அன்று பேனா எழுதவில்லை. நிமிர்ந்தாள்.

"விடுங்கம்மா, நான் கழுவிக்கறேன்."

"நீ கழுவுன லட்சணத்தத்தான் போன வாரம் பாத்தனே கண்ணு. நீலத்துக்குள்ள பச்சை அப்படியே கெடந்துச்சு."

பேசிக்கொண்டே ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. கண் வேறெங்கோ இருந்தது. விரல்கள் தாமாக ஓடின.

"ரெண்டு கையும் ஒண்ணா ஓடுதுங்களே!"

"பின்ன? ஒத்தக் கையில பறிச்சா மேஸ்திரி சும்மா உடுவாரா? 'ஏனம்மா, இன்னொரு கை லீவா'ம்பாரு." சிரித்தார். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு.

"அப்பறம் மேசையில மட்டும் ஏனுங்கம்மா..."

கைகள் நின்றன.

"நின்னே பொழைச்ச பொழப்பு கண்ணு. நாக்காலியில ஒக்காந்தது ஒருக்காத்தான். ஆபீஸ்ல. பேப்பர வெச்சு, பேனாவக் குடுத்து, 'இங்க போடு வீரம்மா'ன்னாங்க. போட்டேன். அன்னியோட வேலை முடிஞ்சுது." குழாயை இறுக மூடினார். "நீயும் பேப்பர வெச்சு, குச்சியக் குடுத்து, எதுக்கால ஒக்காந்துக்கறே."

5

முடிவு ஒன்று: ஆறாவது வாரம் வீரம்மா தோட்டம் முழுவதையும் வரைகிறார். ரோஸ்மேரி மேடத்தின் கண்கள் கலங்

[அடித்துவிட்டேன். போட்டிக் கதை வாடை.]

முடிவு இரண்டு: அவர் வரவே இல்லை.

[பொய். வந்தார்.]

மூன்றாவது எனக்குத் தெரியாது. ஆறாவது வியாழன் மாலை முழங்கை வரை பெயிண்டோடு சசிரேகா அறைக்கு வந்தாள். "வரைஞ்சாங்கடி," என்றாள். என்ன வரைந்தார் என்று கேட்டேன்.

"அது அவங்களோடது."

வரைந்தவர் சம்மதிக்காமல் படம் அந்த அறையைத் தாண்டக் கூடாது, வாய்ச்சொல்லாகக்கூட. முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அவளுக்கு நினைவிருந்தது, எனக்கு மறந்திருந்தது. நான் ஏன் பாதியில் விட்டேன் என்பதும் இதிலேயே இருக்கிறது.

அதனால் படத்தை உங்களிடமே விடுகிறேன். மேசையைப் பற்றி மட்டும் அவள் சொன்னாள். அதை அப்படியே தருகிறேன்.

மேசை இரண்டரை அடி உயரம். வீரம்மா பறித்த செடி அவர் இடுப்பளவு, மூன்றடி. ஆறு அங்குலம் குறைந்தது. ஒரு செங்கல் மூன்று அங்குலம். ஒவ்வொரு காலுக்கும் கீழே இரண்டு, மொத்தம் எட்டு. நாற்காலிகள் இரண்டும் வெளியே போயின. இரண்டு கைக்கும் இரண்டு தூரிகை. சசிரேகா எதிரே இல்லாமல், அதே பக்கத்தில், வீரம்மாவுக்கு அடுத்து நின்றாள்.